சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு வாஷிங் மெஷின்

கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் திருப்பூர் பனியன் கம்பெனியில் வாங்குகிற வாரச் சம்பளத்தில் வாடகை, மளிகை, பள்ளிக்கூடம் எல்லாம் போக ஒரு வாஷிங் மெஷினுக்குச் சேர்க்க முடியுமா பெரியம்மா என்று கேட்டாய். முடியும். எங்கள் காலத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் இப்படித்தான் வாசல்படி ஏறின. கணக்கை நீயே போட்டுவிடுவாய், உனக்கு என்னைவிடக் கணக்கு வரும். சேர்க்கிற காலத்தில் வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். வீட்டில் ஒரு ரூபாய் மிச்சமாகிறது என்றால் அது யாரோ ஒருவருடைய பங்கிலிருந்துதான் மிச்சமாகிறது. அது யாருடைய பங்கு என்று பார்க்கிற கண் உனக்கு வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் கற்றது அவ்வளவுதான்.

1. எதற்காக வாங்குகிறாய் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார். ஆறு நாள் தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாய், ஏழாவது நாள் துவைகல் முன்னால் குனிகிறாய், பெட்ஷீட் பிழியும்போது மணிக்கட்டு வலிக்கிறது. இது நியாயமான காரணம். பக்கத்து வீட்டில் வந்துவிட்டது என்பதுதான் காரணம் என்றால் இன்னும் ஒரு மாதம் பொறு. அடுத்த வீட்டைப் பார்த்து எழுகிற ஆசை, பொருள் வந்தாலும் அடங்காது. எங்கள் லைனில் ஒரு அக்கா, எதிர்வீட்டில் கலர் டிவி வந்ததைப் பொறுக்காமல் தவணைக்கு ஒன்று எடுத்தாள். 2006-ல் அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கி, எங்கள் பகுதிக்கும் வந்தபோது அவளுக்குத் தவணை முடிந்திருக்கவில்லை. ஒற்றை அறை வீட்டில் இரண்டு டிவி. ஒவ்வொரு மாதமும் தவணைக்காரர் வரும் நாளில் அவள் முகம் வாடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

2. சேர்ப்பதை ஒளிக்காதே. உன் அத்தை, மாமா, மாப்பிள்ளை, பாப்பா எல்லோரும் இருக்கும்போது உட்கார வைத்துச் சொல்: இதற்காகச் சேர்க்கப் போகிறோம், இவ்வளவு காலம் ஆகும், ஒவ்வொருவரும் இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், மெஷின் வந்தபின் மிச்சமாகிற நேரம் என்னுடையது. தினசரி காலண்டர் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டு. சனிக்கிழமை எடுத்து வைத்த தொகையைப் பாப்பா கையால் எழுதட்டும். எண் ஏறுவதைப் பார்க்கிற குழந்தை, கடைவீதியில் கண்டதையெல்லாம் கேட்காது. கேட்டாலும், அதை வாங்கினால் தாளில் எவ்வளவு குறையும் என்று அவளே கேட்பாள்.

நம் பெண்களுக்கு ஒளித்துச் சேர்க்கிற பழக்கம் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். குடிக்கிற ஆணிடமிருந்தும் கேட்டு வாங்கிப் போகிற உறவுகளிடமிருந்தும் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை. ஆனால் 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது அரிசி டிரம்மிலிருந்தும் சேலை மடிப்பிலிருந்தும் அத்தனையும் வெளியே வந்தது. பல வீடுகளில், இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் பெண்கள் தலைகுனிந்து நின்றார்கள். திருடிய பணமா அது? அவர்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. எனவே பணம் உன் பேரில், வங்கியில் இருக்கட்டும். அது இருக்கிறது என்பது வீட்டுக்குத் தெரியட்டும்.

3. எதைத் தொடமாட்டாய் என்பதை, எதைக் குறைப்பாய் என்பதற்கு முன்பே முடிவு செய். அத்தையின் பிரஷர் மாத்திரை, பாப்பாவின் பாலும் முட்டையும், மாமா காலையில் பேக்கரிக்குப் போய்க் குடிக்கிற டீ. அந்த டீ உனக்கு வீண்செலவாகத் தெரியலாம். வேலையிலிருந்து நின்றுவிட்ட மனிதருக்கு நாலு பேரைப் பார்த்துப் பேச அது ஒன்றுதான் வழி. அதை வெட்டாதே.

அந்தப் பட்டியலில் உன் சாப்பாட்டையும் எழுது. இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. உன் அம்மிச்சி, அதாவது என் அம்மா, கிரைண்டருக்குச் சேர்த்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஆட்டுக்கல்லில் மாவாட்டித் தோள் போய்விட்டது என்று, கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்று வாங்க ஆசைப்பட்டாள். வீட்டில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. அப்பாவுக்குத் தட்டில் வழக்கம்போலக் கறி இருந்தது, எங்களுக்குத் தயிர் இருந்தது. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள். என்ன சாப்பிடுகிறாள் என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவாள். கிரைண்டர் வந்த அன்று மஞ்சள் குங்குமம் வைத்து, முதல் ஈடு மாவு அரைத்து முடித்தபின் குழவியைத் தூக்கி வெளியே வைக்கப் போனாள். இரண்டு கையாலும் பிடித்தாள். தூக்க முடியவில்லை. ஓரத்தில் மாவு வழிய, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் ரொம்பக் குறைவு என்றார்கள். ஊசியும் இரும்புச்சத்து மாத்திரையுமாக மாதக்கணக்கில் நடந்தோம். வீட்டிலேயே வாய் திறந்து கேட்காத ஆள் யாரோ, அவர் பங்குதான் முதலில் குறையும். பெரும்பாலும் அந்த ஆள் நீதான். மணிக்கட்டு வலியையும் மெஷின் வரட்டும் என்று தள்ளிப்போடாதே. இந்த வாரமே போய்க் காட்டு.

4. சம்பளம் கைக்கு வந்த சனிக்கிழமை சாயங்காலமே எடுத்து வைத்துவிடு. செலவு போக மிச்சத்தைச் சேர்க்கலாம் என்று ஞாயிறு வரை விட்டால் மிச்சம் என்று ஒன்று இருக்காது. வாரம் 350 ரூபாய் என்று வைத்துக்கொள். 52 வாரத்தில் 18,200 ஆகிறது. அதில் நல்ல செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கிக் கொஞ்சம் மீதமும் இருக்கும்.

வங்கியில் மாதம் 1,000 ரூபாய்க்கு ஓராண்டு ஆர்.டி. போடு. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது 5 வருஷத்துக்கானது. பாப்பாவின் படிப்புக்கு அதைத் தனியாகத் தொடங்கலாம். 350-ஐயும் மொத்தமாக ஆர்.டி.யில் கட்டிவிடாதே. வேலை குறைகிற மாதத்தில் தவணை தவறினால் அபராதம் போடுவார்கள். நிச்சயமாகக் கட்ட முடிகிற தொகை ஆர்.டி.க்கு, மீதி சேமிப்புக் கணக்குக்கு.

அந்த 350 எங்கிருந்து வரும் என்பதை ஒவ்வொருவரும் தானாகச் சொல்லட்டும். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பரோட்டா பார்சலைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆக்கிக்கொள்கிறேன் என்று சொன்னால் அது நிற்கும். நீ பிடுங்கினால் இன்னொரு வழியில் போய்விடும். ஒன்றரை ஷிப்ட் போட்டுச் சம்பாதிக்கலாம் என்று மட்டும் முதல் யோசனையாக எடுக்காதே. ஆர்டர் அவசரம் என்று கம்பெனி கூப்பிடுகிறபோது போவது வேறு. மெஷினுக்காக நீயாகப் போய்ப் போய் நின்றால், உடம்பைத் தேய்த்து உடம்புக்கு ஓய்வு வாங்குகிற கணக்காகிவிடும்.

5. தவறிப்போன வாரத்துக்குத் தாளில் பூஜ்யம் போடு. அடுத்த வாரம் 700 எடுத்து ஈடுகட்டுகிறேன் என்று கிளம்பாதே, அங்கேதான் பலபேர் மனம் உடைந்து முழுசாக விட்டுவிடுகிறார்கள். திருப்பூரில் இருக்கிறவளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2020 ஊரடங்கில் ஊரே அடங்கியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் நின்று எத்தனை பேருக்கு வேலை குறைந்தது என்பதை நீயே பார்த்தாய். உன் கையில் இல்லாத காரணத்தால் விழுகிற பூஜ்யத்துக்கு உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே, மாப்பிள்ளையையும் சொல்லாதே.

6. கடையில் கால் வைத்ததும், கையில் ஒரு ரூபாய்கூட வேண்டாம், ஆதார் கார்டு போதும் என்பார்கள். வட்டியில்லாத் தவணை என்று பலகை தொங்கும். கடைத் தவணையில் வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே சொன்ன விஷயம் இது. ரொக்கத்துக்குக் குறைத்துத் தரக்கூடிய விலையைக் குறைக்காமல் வைத்து, அந்த இடத்தில் வட்டியை மறைத்திருப்பார்கள். அதற்குமேல் பிராசஸிங் கட்டணம், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வரும். தவணை நாளன்று கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கி ஒரு பக்கம் அபராதம் போடும், கடன் கொடுத்த கம்பெனி இன்னொரு பக்கம் போடும். சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். 300-லிருந்து 900 வரை போகிற அந்த எண்ணைப் பார்த்துத்தான் நாளைக்கு வீட்டுக் கடனோ படிப்புக் கடனோ கொடுப்பார்கள்.

கடனே தப்பு என்று சொல்லமாட்டேன். மாதச் சம்பளம் தவறாமல் வருகிற வீட்டில், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். வாரச் சம்பளம், அதுவும் சீசனைப் பொறுத்தது என்றால் தவணை உன்னைத் தூங்கவிடாது. சேர்க்கும்போது ஒரு வாரம் தவறினால் மெஷின் ஒரு வாரம் தாமதமாக வரும், அவ்வளவுதான். தவணையில் தவறினால் ஆள் வீட்டு வாசலில் வந்து நிற்பான். அப்படி வந்து நிற்கிற நேரத்தில் நீ கம்பெனியில் இருப்பாய். பதில் சொல்ல வேண்டியது உன் அத்தையும் பாப்பாவும்தான்.

7. சீட்டுப் போடுவதானால் பதிவு செய்த சீட்டா என்று கேள். சீட்டு நிதிச் சட்டம் 1982-லிருந்தே இருக்கிறது, பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தீபாவளிச் சீட்டு பிடிக்கிற அக்கா நல்லவள்தான் என்பது போதாது. அவளே நல்லவளாக இருந்து, மேலே வாங்குகிறவன் ஓடிப்போய், அவள் தாலிக்கொடியை விற்றுக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

8. சேர்த்த பணத்தைக் கேட்டு யாராவது வருவார்கள், நிச்சயமாக வருவார்கள். சொந்தத்தில் காதுகுத்துக்குத் தடபுடலாகச் சீர் செய்ய வேண்டும், எல்லோர் முன்னாலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக என்றால், உன்னால் முடிகிற மொய்யைச் செய்துவிட்டு, கையில் இவ்வளவுதான் என்று சொல்லிப் பழகு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நம்முடையது. ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் அளக்காதே. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எடுத்துக் கொடு. கொடுத்தபின், உன்னால்தான் எனக்கு மெஷின் போயிற்று என்று முகத்தில்கூடக் காட்டாதே. காட்டினால் நீ கொடுத்தது அவர்களுக்கு மருந்தாகாது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

9. சேர்க்கிற ஒரு வருஷத்தில் பொருளைத் தெரிந்துகொள். அவசரமாகக் கடன் வாங்கிப் போகிறவர்களுக்கு இந்தப் பொழுது கிடைப்பதில்லை. விளம்பரத்தைப் பார்க்காமல், உங்கள் லைனில் ஏற்கெனவே வைத்திருக்கிறவளிடம் போய் உட்கார். எந்த இடத்தில் துரு ஏறியது, சர்வீஸ்காரர் கூப்பிட்டால் வருகிறாரா என்று கேள்.

உன் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. போர் தண்ணீர் உப்பு. சூடாக்கும் காயில் உள்ள மெஷினில் அந்த உப்பு வெள்ளைப் படிவமாக ஏறிக் காயிலைத் தின்றுவிடும். ஃபிரண்ட் லோடு மெஷின் தண்ணீர் குறைவாகத்தான் எடுக்கும், துணியும் நன்றாக வெளுக்கும். ஆனால் குழாயில் தண்ணீர் தடையில்லாமல், போதுமான வேகத்தில் வர வேண்டும். நல்ல தண்ணி சில நாளுக்கு ஒருமுறை வருகிற லைன் வீட்டில், குடத்தில் பிடித்து வைத்துக் கையால் ஊற்றிக்கொள்ளக்கூடிய செமி ஆட்டோமேட்டிக்தான் உதவும். கடைக்காரர் அதைப் பழைய மாடல் என்பார். உன் வீட்டுக் குழாயை அவர் பார்த்ததில்லை.

ஓனரிடம் முன்கூட்டியே கேட்டுவிடு. எங்கே வைப்பது, கழிவுத் தண்ணீர் எதில் போகும், பிளக் பாயின்ட் எர்த் உள்ளதா என்று பேசி முடித்துக்கொள். தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, கீழே உள்ள யூனிட்டுக்கும் கூடுதலாகப் போடுவார்கள். உன் வீடு 500 பக்கம் போகாது. ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே வசூலிக்கிற வீடாக இருந்தால் மட்டும், அந்த விலையை இப்போதே தெரிந்து வைத்துக்கொள். வெந்நீர் போடாத மெஷின் அதிகம் மின்சாரம் இழுக்காது என்பதை அவருக்கும் எடுத்துச் சொல்.

10. முதல் தடவை பணமில்லாமல் கடைக்குப் போ. விலையை எழுதிக்கொண்டு திரும்பி வா. ஆடித் தள்ளுபடியில் ஒருமுறை, தீபாவளிக்கு முன் ஒருமுறை போய் அதே மாடலின் விலையைப் பார். எழுதி வைத்திருந்தால்தான் தள்ளுபடி உண்மையா என்பது தெரியும். வரி குறைந்ததால் விலை குறைந்தது என்று யாராவது சொன்னால் கவனி: 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு வந்தது ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, பாத்திரம் கழுவும் மெஷின் போன்றவற்றுக்கு. வாஷிங் மெஷினுக்கு 2018 ஜூலையிலேயே 18 சதவீதம் ஆகிவிட்டது.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். அட்டையில் பெரிதாக 10 வருஷம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும், மற்ற பாகங்களுக்கு எத்தனை வருஷம் என்று கேட்டுப் படித்துப் பார். ஸ்டாண்டு, டெலிவரி, மாட்டிக் கொடுப்பது எல்லாம் சேர்த்து என்ன விலை என்று கேள். பில்லையும் வாரன்டி அட்டையையும் மாப்பிள்ளையின் போனில் படமெடுத்து வைக்கச் சொல், பில் மை நாளடைவில் மங்கிவிடும். பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டு அலையவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. உன் மாதிரி ஒரு பெண்ணுக்கு 18,000 ரூபாய் என்ன தொகை என்பது அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். உனக்குத் தெரியும், அதனால் தயங்காமல் கேள்.

11. மெஷின் வந்த அன்று, இது என் பணத்தில் வாங்கியது என்று ஒரு வார்த்தை வாயில் வரக் கூடாது. மாப்பிள்ளை ஒரு பார்சலை, பாப்பா ஒரு பொம்மையை விட்டுத்தான் அது வந்திருக்கிறது. அதேபோல, இது உனக்காக வந்தது, இனி எல்லாத் துணியும் உன் பொறுப்பு என்று அவர்களும் நினைத்துவிடக் கூடாது. பல வீடுகளில் மெஷின் வந்தபின் துணி இரண்டு மடங்காகிவிடுகிறது. ஒருமுறை போட்ட சட்டையையும் கழற்றி எறிவார்கள், வாரா வாரம் போர்வை வந்து விழும். மெஷின்தானே துவைக்கிறது என்பார்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் அலசுவதும், டிரையருக்கு எடுத்துப் போடுவதும், காயவைப்பதும், மடிப்பதும் மனிதர்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் லோடை மாப்பிள்ளை போடட்டும். எந்தப் பட்டன் எதற்கு என்று மெக்கானிக் சொல்லிக்கொடுக்கும்போது அவரையும் பக்கத்தில் நிற்க வை. பாப்பா அவளுடைய யூனிபார்மை அவளே மடிக்கட்டும். மிச்சமாகிற இரண்டு மணி நேரம் உன்னுடைய பங்கு. அந்த நேரத்துக்கு யாராவது வேறொரு வேலையைக் கொண்டுவந்து நீட்டினால், இது தாள் ஒட்டிய அன்றே எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம் என்று சொல்லிவிடு.